ஏழாம் நம்பர் கார்டு

"ஆ...ஆ...ஆ!"

டிப்பர் லாரி டிரைவர் அலறிய அலறலில் கல் குவாரி மொத்தமும் ஒரு கணம் வேலையை நிறுத்தியது.

அறுபதடிப் பள்ளம்.

கீழே, உடைத்துக் குவித்த ஜல்லியின் மேல் ஒரு பெண் குப்புறக் கிடந்தாள். ஆரஞ்சு நிறப் பாதுகாப்புச் சட்டை. ஒரு கால், திரும்பக் கூடாத பக்கம் திரும்பியிருந்தது. பத்தடி தள்ளி ஒரு ட்ரோன். இறக்கை ஒன்று முறிந்து, பேட்டரி தனியே தெறித்து, கேமராக் கண் வானத்தைப் பார்த்தபடி...

டிரைவர் சரிவில் விழுந்தடித்து இறங்கினார். விரலை அவள் மூக்கருகே வைத்தார்.

"உயிர் இருக்கு! யாராவது ஓடி வாங்களேன்!"

கால் மணி நேரம் கழித்து, நகரத்தின் மறுகோடியில், ஒரு பழைய கட்டடத்தின் இரண்டாவது மாடியில் போன் அடித்தது. ட்ரோன் ரிப்பேர் கடை.

எடுத்தவளுக்கு முப்பத்திரண்டு வயது. காதோரத்தில் பென்சில் செருகுவது போல ஒரு குட்டி ஸ்க்ரூ டிரைவர். அதனாலேயே எல்லோருக்கும் அவள் 'ஸ்க்ரூ'. அந்தப் பெயரை வைத்தது அவளுடைய அக்கா. நிலங்களை ட்ரோனால் அளந்து வரைபடம் போட்டுத் தரும் அக்கா.

"உங்க அக்கா... குவாரியில தவறி விழுந்துட்டாங்கம்மா," என்றது போனில் ஒரு குரல்.

ஸ்க்ரூவின் கையிலிருந்த சின்னச் சின்னத் திருகாணிகள் தரையெங்கும் சிதறி உருண்டன.

"தவறி விழுந்தாளா?" என்றாள். "எங்க அக்காவா? அவ மாடிப்படி இறங்கும்போதே கம்பியைப் பிடிச்சுக்கிட்டு இறங்கறவ!"

*

ஆஸ்பத்திரி வராந்தா.

கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம் அக்கா. முகம் தெரியாமல் குழாய்கள். இந்தப் பக்கம் மூன்று பேர்.

ஒருவர் இன்ஸ்பெக்டர். ஐம்பது வயது. மடிப்புக் கலையாத சட்டை. பேசுவதற்கு முன் மீசையை ஒரு தடவு தடவிக்கொள்வார்.

இன்னொருவர் குவாரி மேனேஜர். ஒல்லி. கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டே இருந்தார்.

மூன்றாவது ஆள் சற்றுத் தள்ளி, சுவரோடு சுவராக. பெண் ஹெட் கான்ஸ்டபிள். ஸ்டேஷனில் எல்லோருக்கும் 'ஏட்டம்மா'.

"டாக்டர் என்ன சொன்னார்?" ஸ்க்ரூ கேட்டாள்.

"நாப்பத்தெட்டு மணி நேரம் போனாத்தான் சொல்ல முடியுமாம்," என்றார் இன்ஸ்பெக்டர். மீசையைத் தடவினார். "பாரும்மா, கேஸ் ரொம்ப சிம்பிள். ட்ரோன்ல காம்பஸ் ரிப்பேர். திசை தெரியாம அது கண்டபடி பறந்திருக்கு. உங்க அக்கா அண்ணாந்து பார்த்துக்கிட்டே பின்னாடி நடந்திருக்கா. தொபுக்கடீர்!"

"சார்! உள்ள படுத்திருக்கறது எங்க அக்கா. வார்த்தையைப் பார்த்துப் பேசுங்க."

மேனேஜர் குறுக்கே புகுந்தார். குரலில் தேன்.

"காலையில இருந்தே காம்பஸ் சரியில்ல, காம்பஸ் சரியில்லன்னு ஸ்க்ரீன்ல வந்துக்கிட்டே இருந்துச்சும்மா. நிறுத்திடலாமேன்னு நான் சொன்னேன். அவங்க கேக்கல."

இன்ஸ்பெக்டர் ஒரு சீட்டை நீட்டினார்.

"ட்ரோன் பெட்டியில இருந்துச்சு. நேத்து சாயங்காலம் சர்வீஸ். 'காம்பஸ் சோதித்தாயிற்று, சரி.' கீழ யார் கையெழுத்து?"

ஸ்க்ரூ அதைப் பார்த்தாள்.

"என்னுது."

"அப்போ அக்கா இப்படிக் கிடக்கறதுக்கு யார் காரணம்?"

ஸ்க்ரூ கண்ணாடிக்கு அந்தப் பக்கம் பார்த்தாள். நேற்று நான் எதையாவது விட்டுவிட்டேனா? அவசரப்பட்டேனா?

"எழுதி ரெடியா வெச்சிருக்கேன்," மேனேஜர் ஒரு பேப்பரை எடுத்தார். "ட்ரோன் பழுதால விபத்துன்னு. ஒரு கையெழுத்துதாம்மா..."

"போட்டா, கேஸ் முடிஞ்சது," என்றார் இன்ஸ்பெக்டர். "போடலைன்னா, கவனக்குறைவா ரிப்பேர் பண்ணதா உன் மேலயே போடுவேன்."

ஸ்க்ரூ நிமிர்ந்தாள்.

"போடுங்க சார். தாராளமா போடுங்க. நான் கையெழுத்து போட மாட்டேன். அந்த ட்ரோனைக் குடுங்க. நானே பிரிச்சுப் பார்க்கறேன். தப்பு என்னுதுன்னா நானே வந்து ரெண்டு கையையும் நீட்டறேன், விலங்கு மாட்டுங்க. தப்பு என்னுது இல்லைன்னா... எங்க அக்கா தானா விழுந்தாளா, தள்ளினது யாருன்னு நான் கேப்பேன். சத்தமா கேப்பேன்!"

வராந்தாவில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். ஒரு டாக்டர் நின்றே விட்டார்.

இன்ஸ்பெக்டர் சுற்றிலும் பார்த்தார். சிரித்தார்.

"நல்லா பாரு. எனக்கென்ன? ஏட்டம்மா! நீ கூடப் போ. அந்தப் பொண்ணு ட்ரோனை முழுங்கிடாம பார்த்துக்க. போற வழியில எனக்கு ஒரு டீ சொல்லிட்டுப் போ."

"சரிங்க சார்," என்றது சுவரோரக் குரல்.

*

கடை மேஜையில் ட்ரோன் ஒரு அடிபட்ட பறவையைப் போலக் கிடந்தது.

ஸ்க்ரூ புது பேட்டரி மாட்டினாள். கடையிலிருந்த வேறொரு கன்ட்ரோலரை இணைத்தாள். திரை விழித்தது.

'மெமரி கார்டு பிழை. ஃபார்மட் செய்யவா? ஆம் / இல்லை.'

"ஆம்னு போடு, அதான் கேக்குதே!" ஏட்டம்மா உதவி செய்யும் ஆசையில் விரலை நீட்டினார்.

"கையை எடுங்க!"

ஏட்டம்மா துள்ளிப் பின்வாங்கினார்.

"அதைத் தொட்டீங்கன்னா கார்டுல இருக்கற அத்தனையும் துடைச்சுப் போயிடும். கார்டு மக்கர் பண்ணா எல்லாரும் முதல்ல செய்யற தப்பு இதுதான்."

"அடியாத்தி! எனக்கென்னம்மா தெரியும்? கேட்டா பதில் சொல்லணும்னு பழகிட்டேன்."

ட்ரோனை அணைத்துவிட்டு, இடுக்கியால் அந்தச் சின்னக் கார்டை வெளியே இழுத்தாள் ஸ்க்ரூ. விரல் நகத்தைவிடச் சிறியது. தங்க நிறப் பட்டைகளை ரப்பரால் மெல்லத் தேய்த்துத் தூசியை ஊதினாள். கம்ப்யூட்டரில் செருகினாள்.

"முதல்ல உள்ள இருக்கறதை அப்படியே ஒரு காப்பி எடுக்கணும். அப்புறம்தான் வைத்தியம். எதுவா இருந்தாலும் காப்பி மேலதான் கை வைக்கணும்..."

பேச்சு பாதியில் நின்றது.

கார்டை மறுபடி வெளியே எடுத்தாள். திருப்பினாள். விளக்கின் அடியில் வைத்தாள். மறுபடியும் திருப்பினாள்.

"என்னம்மா? பேயைப் பார்த்த மாதிரி பார்க்கறே?"

"இது எங்க கார்டு இல்ல!"

"என்ன சொல்றே?"

ஸ்க்ரூ இழுப்பறையிலிருந்து ஒரு டப்பாவை எடுத்துத் திறந்தாள். வரிசையாகக் கார்டுகள். ஒவ்வொன்றின் முதுகிலும் சிவப்பு நெயில் பாலிஷில், ஊசி முனையால் எழுதிய எண்.

"எங்க அக்காகிட்ட ஒம்பது கார்டு. எதை எப்போ மாத்தணும்னு தெரியறதுக்காக நான்தான் நம்பர் போடுவேன். நேத்து இந்த ட்ரோனுக்குள்ள என் கையால போட்டது ஏழாம் நம்பர். இதோ, டப்பாவுல ஏழு இல்ல பாருங்க. ஆனா இந்தக் கார்டு முதுகுல ஒண்ணுமே இல்ல. அதுவும் போலி. வெளிய நூத்தி இருபத்தெட்டு ஜி.பி.ன்னு அச்சடிச்சிருக்கான். உள்ள எட்டுதான் கொள்ளும்."

"எங்க வீட்டுக்காரர் மாதிரி," என்றார் ஏட்டம்மா. சொல்லிவிட்டு அவரே சிரிப்பை அடக்கிக்கொண்டார். முகம் மாறியது. "அப்படின்னா... யாரோ கார்டை மாத்தியிருக்கான்!"

"வெறுமனே எடுத்தா, கார்டு எங்கன்னு கேப்போம். ஓட்டைக் கார்டைப் போட்டா, ட்ரோனே ஓட்டைன்னு நம்புவோம்."

"பாவி! சரி, காம்பஸ்?"

ஸ்க்ரூ ட்ரோனை மறுபடி உயிர்ப்பித்தாள். காம்பஸ் அளவைத் திரையில் கொண்டுவந்தாள்.

சிவப்பு!

ஏட்டம்மாவின் தோள்கள் தொங்கின. "அய்யோ... சிவப்பா எரியுதேம்மா."

"எரியட்டும். மேஜை இரும்பு. கூரையில கம்பி. உங்க இடுப்புல விலங்கு. காம்பஸுக்கு இத்தனை இரும்புக்கு நடுவுல எது வடக்குன்னு எப்படித் தெரியும்? எழுந்திருங்க, வெளிய போவோம்."

*

கட்டடத்துக்குப் பின்னால் ஒரு விளையாட்டு மைதானம். பிற்பகல் வெயில். ஒரு ஈ காக்கை இல்லை.

"விலங்கு, வாட்ச், போன், சாவி எல்லாத்தையும் அங்கயே வெச்சிட்டு வாங்க," என்றாள் ஸ்க்ரூ.

"பெல்ட்டும் இரும்புக் கொக்கிதான். அதையும் கழட்டணுமா?"

"தள்ளி நின்னா போதும்!"

"ட்ரோனைக் கையில பிடிச்சுச் சுத்துவாங்களே, அதைப் பண்ணப் போறியா?"

"இல்ல. படுக்கையா ஒரு சுத்து, மூக்கைக் கீழ கவிழ்த்து ஒரு சுத்து. அப்படிச் சுத்தினா காம்பஸ் தன்னைத் தானே திருத்திக்கும். இப்போ திருத்திட்டா காலையில அது எப்படி இருந்துச்சுன்னு தெரியாமலே போயிடும். இருந்தது இருந்தபடியே பார்க்கணும்."

மைதானத்தின் நடுவில், ஒரு அட்டைப் பெட்டியின் மேல் ட்ரோனை வைத்தாள். திரையைப் பார்க்கத் தைரியம் வரவில்லை. கண்ணை மூடிக்கொண்டாள்.

ஒன்று... இரண்டு... மூன்று...

திறந்தாள்.

பச்சை!

சொட்டுச் சிவப்பு இல்லாத பச்சை!

ஸ்க்ரூ மண்ணில் உட்கார்ந்துவிட்டாள். காலையிலிருந்து வராத அழுகை இப்போது வந்தது. ஏட்டம்மா பக்கத்தில் வந்து குந்தினார். ஒன்றும் கேட்காமல் அவள் முதுகைத் தட்டிக்கொடுத்தார்.

"நான் தப்பு பண்ணல ஏட்டம்மா."

"தெரியுதும்மா. யார் பண்ணான்னு பார்ப்போம், எழுந்திரு."

*

"ட்ரோனுக்குள்ள ஒரு பதிவு இருக்கும்," மறுபடியும் கடையில் ஸ்க்ரூ கேபிளைச் செருகினாள். "படம் இல்ல, குறிப்பு மட்டும். எப்போ ஏறிச்சு, எப்போ இறங்கிச்சு, எங்க நின்னுச்சுன்னு. கார்டை மாத்தினாலும் இது போகாது."

திரையில் எண்கள் ஓடின.

"பத்து பன்னெண்டு. தரையில நிக்குது. காம்பஸ் பிழை. மேல ஏறுது... ஏறினதும் பிழை காணோம்! மறுபடி தரைக்கு வருது. மறுபடி பிழை!"

"அப்படின்னா?"

"கோளாறு ட்ரோன்ல இல்ல. தரையில!"

ஸ்க்ரூ வரைபடத்தைத் திறந்தாள். ட்ரோன் தரையில் நின்ற இடங்கள் புள்ளிகளாக விழுந்தன. மொத்தம் பன்னிரண்டு. அதில் ஒன்பது சிவப்பு. மூன்று பச்சை.

"அக்கா இதைத் தப்புன்னு ஒதுக்கல. சந்தேகப்பட்டிருக்கா! கொஞ்சம் கொஞ்சமா நகர்த்தி வெச்சு வெச்சுப் பார்த்திருக்கா. எங்க சிவப்பு, எங்க பச்சைன்னு... இதோ. இந்தச் சிவப்புப் புள்ளியெல்லாம் சேர்ந்து என்ன வடிவம்?"

"நீளச் சதுரம்."

"ஒரு பெரிய இரும்பு. மண்ணுக்கு அடியில. ஒரு வண்டி சைஸுக்கு."

ஏட்டம்மா அசையவில்லை. உதடு மட்டும் அசைந்தது.

"ஜீப்..."

"என்ன?"

"ரெண்டு வருஷம் முன்னாடி... குவாரிகளைச் சோதனை போடற அதிகாரி ஒருத்தர், ஜீப்போட காணாமப் போனார். யார் கையிலயும் ஒரு டீ கூட வாங்கிக் குடிக்காத மனுஷன். ஓடிப்போயிட்டார்னு ஃபைலை மூடிட்டாங்க. அவர் சம்சாரம் வாராவாரம் ஸ்டேஷனுக்கு வரும். நான்தான்... பெஞ்சில உட்கார வெச்சு, 'சார் பிஸி'ன்னு சொல்லி அனுப்புவேன்."

ஸ்க்ரூ திரையிலிருந்து திரும்பி அவரைப் பார்த்தாள்.

"மிச்சத்தையும் படி," என்றார் ஏட்டம்மா. குரலில் இதுவரை இல்லாத ஒரு கடினம்.

"பத்து நாப்பத்தொண்ணு. ட்ரோன் வானத்துல இருக்கு. கன்ட்ரோலர் தொடர்பு துண்டிப்பு." ஸ்க்ரூ அந்த வரியில் விரலை வைத்தாள். "அக்கா விழுந்த நேரம். கையில கன்ட்ரோலரோட... பத்து நாப்பத்து மூணு. தொடர்பு போனதால ட்ரோன் தானாவே கிளம்பின இடத்துக்கு வந்து பத்திரமா இறங்கிடுச்சு! ஏட்டம்மா, ட்ரோன் விழவே இல்ல!"

"விழாத ட்ரோன் பள்ளத்துக்குள்ள எப்படிப் போச்சு?"

"பத்து நாப்பத்தாறு. மெமரி கார்டு வெளியே. பத்து நாப்பத்தேழு. வேற கார்டு உள்ளே. பத்து நாப்பத்தெட்டு... பலத்த அதிர்வு. பேட்டரி துண்டிப்பு."

"தூக்கி எறிஞ்சிருக்கான்!"

ஏட்டம்மா இன்ஸ்பெக்டருக்குப் போன் போட்டார். "சார், குவாரியில ஒரு இடத்தைத் தோண்டணும், அடியில இரும்பு..." அவ்வளவுதான் சொல்ல முடிந்தது. அந்தப் பக்கத்துக் கத்தல் ஸ்க்ரூவுக்கே கேட்டது.

"பழைய மெஷினைப் புதைச்சிருப்பான்! உன்னை டீ சொல்லச் சொன்னா தோண்டச் சொல்றியா? நாளைக்கு ட்ரோனை எடுத்துக்கிட்டு ஸ்டேஷனுக்கு வந்து சேரு!"

டொக்.

"கார்டைப் பத்திச் சொல்லலையே நீங்க?"

"பேச விட்டாத்தானே!" ஏட்டம்மா போனையே பார்த்துக்கொண்டிருந்தார். "இருபத்தெட்டு வருஷம் சர்வீஸ். மேலதிகாரியைத் தாண்டி ஒரு போன் பண்ணதில்ல."

மூச்சை இழுத்துக்கொண்டு, எண்களை ஒவ்வொன்றாக அழுத்தினார்.

"டி.எஸ்.பி. ஆபீஸா? நான் ஒரு ஹெட் கான்ஸ்டபிள் பேசறேன். அய்யாகிட்ட உடனே பேசணும். முடியாதா? அப்போ அவர் பேசற வரைக்கும் நான் லைன்லயே நிப்பேன்!"

நின்றார். பதினெட்டு நிமிடம்.

டி.எஸ்.பி. எல்லாவற்றையும் கேட்டார். கடைசியில் ஒன்றே ஒன்று சொன்னார்.

"ஒரு கை இருந்துச்சுன்னு உங்க பதிவு சொல்லுது. யார் கைன்னு சொல்லலையே?"

ஸ்க்ரூ போனை வாங்கினாள்.

"அந்தக் கையையே இங்க வரவழைக்கறேன் சார்."

*

மறுநாள் மதியம்.

ஸ்க்ரூ மேனேஜருக்குப் போன் செய்தாள். குரலைத் தோற்றுப்போனவளின் குரலாக மாற்றிக்கொண்டாள்.

"சார்... நீங்க சொன்ன கையெழுத்தைப் போட்டுடறேன்."

"நல்ல முடிவும்மா. நல்ல முடிவு!"

"ஒரு சின்ன சந்தேகம் மட்டும். ட்ரோன்ல கார்டு இல்லாத நேரத்துல, அதுக்குள்ள இருக்கற மெமரியில தானா படம் பதிவாகுமாம். நேத்து ஒரு நிமிஷம் கார்டு இல்லாம இருந்திருக்கு. ஒரு வீடியோ இருக்கு சார். யாரோ குனிஞ்சு பார்க்கற மாதிரி... முழுசாத் திறக்க மதியம் மூணு மணி ஆயிடும். போலீஸ்ல கூட இன்னும் சொல்லல. முதல்ல உங்ககிட்டதான்..."

மறுமுனையில் கைக்குட்டை கழுத்தில் உரசும் சத்தம்கூடக் கேட்கும் போலிருந்தது.

"யார்கிட்டயும் சொல்லாதீங்கம்மா. கடையிலயே இருங்க."

இரண்டேகால் மணி.

மாடிப்படியில் காலடிச் சத்தம்.

தட்... தட்... தட்...

ஸ்க்ரூவின் புருவம் சுருங்கியது. மேனேஜர் போடுவது ரப்பர் செருப்பு. இது பூட்ஸ்!

கதவு திறந்தது.

மீசையைத் தடவியபடி, உள்ளே வந்தது... இன்ஸ்பெக்டர்!

"என்னம்மா, ஏட்டம்மாவைக் காணோம்?"

"டீ குடிக்கப் போனாங்க சார்."

"அதுக்குத் தெரிஞ்ச ஒரே வேலை!" சிரித்தார். நாற்காலியை இழுத்துப் போட்டுக் கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்தார். "அந்த வீடியோவைக் காட்டு."

"எந்த வீடியோ சார்?"

"ட்ரோனுக்கு உள்ள இருக்கறது. குனிஞ்சு பார்க்கற வீடியோ."

ஸ்க்ரூவின் விரல் நிதானமாகத் திரையைக் காட்டியது.

"இந்த ஃபோல்டர்தான் சார். இன்னும் திறக்கல. பார்த்துத் தொடுங்க, பக்கத்துலயே ஃபார்மட் இருக்கு..."

க்ளிக்.

"அய்யய்யோ," என்றார் இன்ஸ்பெக்டர். "கை பட்டுடுச்சே!"

"பட்டது கை இல்ல சார். அழுத்தினீங்க. இந்த வீடியோ விஷயத்தை நான் ஒரே ஒரு ஆள்கிட்டதான் சொன்னேன். மேனேஜர்கிட்ட. அவர் வரல. நீங்க வந்திருக்கீங்க. நீங்களா சார் எங்க அக்காவைத் தள்ளினது?"

இன்ஸ்பெக்டர் எழுந்தார். கதவைத் தாழிட்டார். திரும்பியபோது முகத்தில் சிரிப்பு இல்லை.

"புத்திசாலிப் பொண்ணு. அந்த அதிகாரியும் புத்திசாலிதான். அனுமதிச்ச எல்லையைத் தாண்டி வெட்டறீங்கன்னு அளந்து பார்த்தான். குவாரியில எனக்கும் பங்குன்னு கண்டுபிடிச்சுட்டான். ஜீப்போட மண்ணுக்குள்ள இருக்கான்."

"எங்க அக்கா என்ன பண்ணா?"

"தேவையில்லாம அந்த இடத்தையே சுத்திச் சுத்தி வந்தா. மேனேஜர் நடுங்கிப்போய் எனக்குப் போன் போட்டான். நான் வந்து, 'என்னம்மா பார்க்கறே?'ன்னு கேட்டேன். 'அடியில ஏதோ வண்டி இருக்கு சார், நல்லவேளை போலீஸே வந்துட்டீங்க'ன்னா. ஸ்க்ரீனைக் காட்டத் திரும்பினா. ஒரே தள்ளு! மேனேஜர் போன்ல இருந்த ஓட்டைக் கார்டை மாத்திப் போட்டு, ட்ரோனையும் தூக்கி எறிஞ்சேன். அந்த ஏழாம் நம்பர் கார்டை எரிச்சாச்சு. உள்ள இருந்ததை இப்போ அழிச்சாச்சு. கையெழுத்தைப் போடு. உன் அக்கா படுக்கைக்குப் பக்கத்துல நிக்கற கான்ஸ்டபிள் என் ஆள். ஞாபகம் வெச்சுக்கோ."

"இல்ல சார். காலையிலயே அவரை மாத்தியாச்சு."

இன்ஸ்பெக்டரின் கை மீசைக்குப் போகும் வழியில் நின்றது.

"நீங்க அழிச்சது வெறும் காலி ஃபோல்டர். அதுல ஒரு வீடியோவும் இல்ல. யாராவது 'ரெக்கார்டு' அழுத்தினாத்தான் இந்த ட்ரோன் படமே எடுக்கும்."

ஒரு கணம் அதிர்ந்தவர், உடனே உரக்கச் சிரித்தார்.

"அப்போ ஆதாரமே இல்லையே! நான் யூனிஃபார்ம். நீ மெக்கானிக். யார் சொல்றதை நம்புவாங்க?"

"பார்த்தா நம்புவாங்க. மேல் அலமாரியைப் பாருங்க."

அலமாரியில் இன்னொரு ட்ரோன். கேமராக் கண் அவரையே பார்த்தது. பக்கத்தில் ஒரு பச்சை விளக்கு கண்சிமிட்டியது.

"அதோட கன்ட்ரோலர் கீழ வேன்ல இருக்கு. டி.எஸ்.பி. கையில. நீங்க ஃபார்மட் அழுத்தினதை நேரடியா பார்த்துட்டு இருக்கார்."

இன்ஸ்பெக்டர் அப்போதும் அடங்கவில்லை.

"பார்க்கட்டும்! கை பட்டுடுச்சுன்னு சொல்லுவேன். ட்ரோன் கேமராவுல சத்தம் பதிவாகாது. அதுகூடத் தெரியாதவன்னு நினைச்சியா? நான் பேசினது ஒரு வார்த்தை அவருக்குக் கேட்டிருக்காது!"

"கரெக்ட் சார். கேக்காது," என்றாள் ஸ்க்ரூ.

அட்டைப் பெட்டிகளின் அடுக்குக்குப் பின்னாலிருந்து ஒரு தும்மல்.

"சத்தத்துக்கு நான் இருக்கேன் சார்!"

ஒரு கையில் போன். மறுகையில் வாக்கி-டாக்கி. மூக்கைத் துடைத்தபடி வெளியே வந்தார் ஏட்டம்மா.

"ஒவ்வொரு வார்த்தையும் பதிவாயிருக்கு. ஜீப்பு, பங்கு, தள்ளு, எல்லாம். எனக்குத் தெரிஞ்ச ஒரே வேலைன்னு சொன்னீங்களே, அது உட்பட."

இன்ஸ்பெக்டரின் கை இடுப்புத் துப்பாக்கிக்குப் பாய்ந்தது...

அதற்குள் ஸ்க்ரூ நாற்காலியை எட்டி உதைத்தாள். அது அவர் முழங்காலில் மோதியது. தரையில் விழுந்தவரின் மணிக்கட்டில் ஏட்டம்மா தன் முழு எடையோடு ஏறி நின்றார். கதவின் தாழ்ப்பாள் வெளியிலிருந்து வந்த ஒரே உதையில் பிய்ந்து பறந்தது.

டி.எஸ்.பி.!

*

நான்கு மணிக்கு குவாரியில் பொக்லைன் இறங்கியது. மேனேஜர் ஒரு வேனுக்குள் விலங்கோடு உட்கார்ந்திருந்தார். கைக்குட்டை கீழே விழுந்து கிடந்தது. எடுத்துக் கொடுக்க ஆள் இல்லை.

ஒன்பது சிவப்புப் புள்ளிகள் காட்டிய இடத்தில், நான்கடி ஆழத்தில், நசுங்கிய ஒரு ஜீப்பின் கூரை தெரிந்தது.

கயிறு கட்டிய ஓரத்தில் அந்த அதிகாரியின் மனைவி நின்றாள். ஏட்டம்மா ஒரு நாற்காலி கொண்டு வந்து போட்டார். கையைக் கூப்பினார்.

"மன்னிச்சிடுங்கம்மா. உங்களை எத்தனை தடவை திருப்பி அனுப்பினேன்..."

அந்தப் பெண் உட்காரவில்லை.

"நான் நின்னே பார்க்கறேன்," என்றாள். "ஓடிப்போனவன் பொண்டாட்டின்னு சொன்னவங்க எல்லாரையும் வரச் சொல்லுங்க. அவரு எங்கயும் ஓடலைன்னு வந்து பார்க்கட்டும்."

ஐந்தரை மணிக்கு ஆஸ்பத்திரியில் அக்கா கண்ணைத் திறந்தாள்.

"காம்பஸ்..." என்றாள். குரல் காற்றாக வந்தது.

"நல்லாதான்க்கா இருந்துச்சு."

"தெரியும்டி. நீ பார்த்ததாச்சே... அதனாலதான் தரையைச் சந்தேகப்பட்டேன்."

ஸ்க்ரூ அக்காவின் கையை எடுத்துத் தன் கன்னத்தில் வைத்துக்கொண்டாள். நர்ஸ் இரண்டு முறை போகச் சொல்லியும் போகவில்லை.

மாலை ஆறரை.

இன்ஸ்பெக்டர் அவருடைய ஸ்டேஷனுக்கே கொண்டு வரப்பட்டார். பெல்ட் இல்லை. தொப்பி இல்லை. லாக்கப்பின் கம்பிக் கதவு திறந்து நின்றது. பக்கத்தில் சாவிக்கொத்தோடு ஏட்டம்மா.

"ஏட்டம்மா!" அவர் பல்லைக் கடித்தார். "மறந்துடாதே! சஸ்பெண்ட் ஆர்டர் கைக்கு வர்ற வரைக்கும் நான் உன் மேலதிகாரி!"

ஏட்டம்மா குதிகால்களைச் சேர்த்து, விறைப்பாக நின்று, ஒரு சல்யூட் அடித்தார்.

"தெரியும் சார்," என்றார். "அதான், மரியாதையா உள்ள தள்ளிப் பூட்டறேன்!"